பிள்ளைக்குச் சாட்சி சொல்வது யார்?

கல்லூரி மாணவரின் கவனக்குறைவு நோயைப் பற்றி ஒரு பாடம்

 

கடையில் ஒரு சரக்கு நகரவில்லையென்றால் நாம் அதை உடனே குப்பையில் கொட்டிவிடுவதில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம். ஈரம் பட்டதா, வண்டு பிடித்ததா, விலைதான் கூடுதலா, வைத்த இடந்தான் சரியில்லையா என்று ஆராய்கிறோம். பத்து வெள்ளிச் சரக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சி செய்கிற நாம், கல்லூரிக்குப் போன பிள்ளை இரண்டு பாடங்களில் தவறிவிட்டான் என்ற செய்தி வந்ததும் எதையும் பிரித்துப் பாராமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "சோம்பேறி! கைத்தொலைபேசியே கதி என்று கிடப்பவன்! கடையில் கொண்டுவந்து உட்கார வையுங்கள்!" என்பதே அந்தத் தீர்ப்பு.

அவ்விதம் தீர்ப்புச் சொன்னவர்களில் நாமும் ஒருவரே. நமக்கு வீடு கிள்ளானில், கடை பிரிக்பீல்ட்ஸில். நாம் படித்தது ஊரில் மதரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலுந்தான். ஆகவே மகன் எஸ்.பி.எம். பரீட்சையில் நன்றாகத் தேறிக் கல்லூரியில் சேர்ந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. ஆனால் முதலாண்டு முடிவதற்குள் மூன்று பாடங்களில் தவறினான். படிக்கவில்லையா என்றால் படித்தான். விடிய விடிய அவன் அறையில் விளக்கெரிந்தது. ஒப்படைக்க வேண்டிய கட்டுரை முக்கால் பங்கு எழுதப்பட்டு மேஜையில் கிடக்கும். ஒப்படைக்கும் நாள் கடந்துபோயிருக்கும். ஒரு பரீட்சைக்கு நேரத்தை மாற்றி நினைத்துக்கொண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். விடுமுறையில் கடையில் நின்றபோது வாடிக்கையாளர் முன்னிலையில் நாம் அவனை ஏசினோம். அவன் பதில் பேசவில்லை. அன்றிரவு தன் தாயிடம், "நான் முயற்சி பண்ணாமலா இருக்கிறேன், அம்மா? எனக்கே என்னவென்று தெரியவில்லையே" என்று சொல்லி அழுதானாம்.

அதன் பிறகு நாம் அலைந்து திரிந்து கற்றுக்கொண்டவற்றையும், இடையில் நாமே செய்த ஒரு பெரும் பிழையையும், நம்மைப் போன்ற தகப்பன்மார்களுக்குப் பிரயோஜனப்படும் என்றெண்ணி இங்கு எழுதுகிறோம்.

நோய் யாது?

ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் இதனைத் தமிழில் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு எனலாம். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அவசரத்தை அடக்குவது, வேலைகளை வரிசைப்படுத்துவது ஆகிய காரியங்களை மூளை செய்யும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. டோபமைன், நோரெபினெப்ரின் என்னும் இரண்டு இரசாயனப் பொருள்கள் இதில் சம்பந்தப்பட்டவை. கடையை வைத்துச் சொன்னால், சரக்கு நிறைய உண்டு, வாடிக்கையாளரும் வந்திருக்கிறார்கள், ஆனால் எந்தச் சீட்டை முதலில் எடுப்பது என்று கணக்கப்பிள்ளைதான் தடுமாறுகிறார்.

புத்தி குறைந்த பிள்ளைகளுக்கே இது வரும் என்று எண்ணலாகாது. மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் உண்டு. தாய் செல்லம் கொடுத்ததாலோ தகப்பன் அடிக்காமல் விட்டதாலோ வருவதுமன்று. பெரும்பாலும் பரம்பரையாகக் குடும்பத்தில் இறங்குவது. உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கும், பெரியவர்களில் 100க்கு 2 அல்லது 3 பேருக்கும் இது இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர்.

சிலருக்குக் கவனக்குறைவு மட்டும் மிகும். சிலருக்குத் துடிப்பும் அவசரமும் மிகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். ஓடியாடி அமர்க்களம் செய்யும் பையனை ஊரே கவனிக்கிறது. ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து, கண் புத்தகத்திலும் நினைவு வேறெங்கோவும் இருக்கும் பெண் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. அதனாலேயே பெண்களில் பலர் வயது வந்த பிறகே கண்டறியப்படுகின்றனர். பெண் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் சகோதரர்கள் இதனை மனத்தில் வைப்பது அவசியம்.

பள்ளியில் தேறியவன் கல்லூரியில் தவறுவானேன்? இக்கேள்வி நம்மையும் வாட்டியது. பள்ளியில் மணி அடிக்கிறது, ஆசிரியர் அதட்டுகிறார், தாய் எழுப்புகிறாள், டியூஷன் வகுப்பு இழுத்துச் செல்கிறது. பிள்ளையின் கவனத்தைப் பத்துப் பேர் பிடித்துத் தாங்குகிறார்கள். கல்லூரியில் அந்தப் பத்துக் கைகளும் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. அதுவரை மறைந்திருந்த குறை அப்போதுதான் வெளியே தெரிகிறது.

இது புதிய நோயா?

"நம் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1798ஆம் ஆண்டிலேயே அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் கவனம் நிலைக்காத நோயைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் லண்டனில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் செய்தார். 1944இல் லியாண்ட்ரோ பனிசோன் என்னும் இரசாயன நிபுணர் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தைத் தயாரித்தார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. இன்றும் இந்நோய்க்கு அதிகமாகக் கொடுக்கப்படுவது அந்த மருந்தே. ஆகவே நம் காலத்திலும் இது இருந்தது, பெயர்தான் தெரியவில்லை. ஓதும் பள்ளியில் பாயில் உட்கார முடியாமல் நெளிந்து, உஸ்தாதிடம் தினந்தோறும் பிரம்படி வாங்கிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

சல்லடையும் தராசும்

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் பெரியவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாள் தயாரிக்கப்பட்டு 2005இல் வெளிவந்தது. அதில் 18 கேள்விகள். முதல் 6 கேள்விகளே முதற்கட்டச் சோதனை. தொடங்கிய வேலையின் கடைசிப் பகுதியை முடிக்கத் திணறுவது, வேலைகளை ஒழுங்குபடுத்த முடியாமற்போவது, வாக்களித்த நேரத்தை மறப்பது, யோசிக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவது, நெடுநேரம் உட்கார்ந்தால் கைகால் நெளிவது, எந்திரம் பூட்டியதுபோல் ஓடிக்கொண்டேயிருப்பது ஆகியவற்றைப் பற்றி அவை கேட்கின்றன. கடந்த 6 மாதங்களை நினைத்து விடை குறிக்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

ஆனால் இது சல்லடை, தராசு அன்று. சல்லடையில் தங்கியதெல்லாம் கல்லாகிவிடாது. முடிவாக எடை போட வேண்டியவர் டாக்டரே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி அவர்கள் பார்ப்பது வருமாறு: கவனக்குறைவுக்கு 9 அடையாளங்கள், துடிப்புக்கும் அவசரத்துக்கும் 9 அடையாளங்கள். இவற்றுள் ஏதேனும் ஒரு வகையில், 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 அடையாளங்களாவது இருக்க வேண்டும். அவை 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். வீடு, கல்லூரி, வேலையிடம் என்று இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். படிப்பையோ வாழ்க்கையையோ உண்மையாகவே கெடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடையாளங்களில் பல 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

இரத்தம் எடுத்தோ தலையைப் படம் பிடித்தோ இந்நோயை உறுதி செய்ய முடியாது. டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னால், தைராய்டுக் கோளாறு, இரத்தசோகை போன்றவை உண்டா என்று அறியவே. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், கெட்டும் இலை முதலிய போதைப் பழக்கம் ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். அவற்றையெல்லாம் விலக்கிப் பார்ப்பது டாக்டரின் கடமை. கைத்தொலைபேசியில் கண்ட ஒரு நிமிடப் படத்தைப் பார்த்துப் பிள்ளை தனக்கு இந்த நோய்தான் என்று தானே முடிவு செய்வதும் தவறு. தகப்பன் இல்லையென்று முடிவு செய்வதும் தவறு.

எங்கே போவது?

நாம் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக்குக்கு. "இது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, இவன் வளர்ந்தவன்" என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். அதில் ஆறு மாதம் வீணாயிற்று. நம் சுகாதார அமைச்சு 2008இல் வெளியிட்டு 2020இல் திருத்திய ஏ.டி.எச்.டி. வழிகாட்டி நூலும் சிறுவர்களையும் இளம்பருவத்தினரையும் பற்றியதே. அதற்காகக் கல்லூரி வயதினருக்கு வழியில்லை என்று பொருளன்று. அவர்கள் போக வேண்டிய இடம் பெரியவர்களுக்கான மனநலப் பிரிவு.

வழி இதுதான். வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் சென்று விஷயத்தைச் சொல்ல வேண்டும். குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான். அங்குள்ள டாக்டர் விசாரித்து, அவசியம் கண்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு வழக்கமான கட்டணம் 5 வெள்ளி. கிள்ளான் வாசிகளுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி உண்டு; தலைநகரில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் பந்தாய் பக்கம் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும், செராஸில் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் உள்ளன. அவற்றின் கட்டண விகிதம் வேறு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போவோர் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் யுனிவர்சிட்டி நிலையம் நான்காவது. தனியார் நிபுணரிடம் சீக்கிரம் பார்க்கலாம், செலவு பலமடங்கு. அரசாங்கத்தில் முறை வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆகவே அடுத்த பரீட்சை தலைமேல் வரும்வரை காத்திராமல் முன்னதாகப் பெயர் பதிவதே புத்திசாலித்தனம்.

யார் யார் என்ன செய்வார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். சோதனைகள் வைப்பதும் பழக்கப் பயிற்சி தருவதும் மருத்துவ உளவியலாளர். கல்லூரியிலுள்ள ஆலோசகர் நோய் இன்னதென்று தீர்மானிக்க மாட்டார். ஆனால் வழிகாட்டுவார், மனத்தைத் தேற்றுவார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளலாம். பிள்ளை மிகவும் மனமுடைந்து பேசினால் தாமதிக்கலாகாது. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணும் அத்தகைய வேளைக்கென்றே உள்ளது.

நாம் செய்த பிழை

இப்போது நமது பிழைக்கு வருவோம். முறை வந்து, நாமும் மகனும் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மையார் முன் அமர்ந்தோம். அவர் மலாய் மொழியில் நம்மிடம் கேட்டார்: "பையன் ஏழெட்டு வயதில் எப்படி இருந்தான்? ஆசிரியர்கள் ஏதாவது சொன்னார்களா?"

நமக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆனால் அது மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். மனநலப் பிரிவின் வாசலில் நம்மை யாரேனும் பார்த்திருப்பார்களோ என்ற பயம் ஒருபுறம். எழுத்தில் ஏறினால் குடும்பத்தின் பெயர் என்னாகும் என்ற பயம் மறுபுறம். "நல்ல பிள்ளை, டாக்டர். ஒரு குறையும் கிடையாது" என்று சொல்லிவிட்டோம். மகன் தரையைப் பார்த்தான். டாக்டர் சற்று நேரம் எழுதிவிட்டு, "சிறு வயதுச் சான்று இல்லாமல் முடிவு சொல்ல இயலாது, பள்ளி அறிக்கைப் புத்தகங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.

திரும்பும்போது ரயிலில் மகன் கேட்டான்: "அத்தா, நான் ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்றால், இத்தனை வருஷமாக என்னை ஏன் ஏசினீர்கள்?"

கிள்ளான் வந்து சேரும்வரை நமக்கு வாய் திறக்கவில்லை.

சகோதரர்களே! சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்று நாம் வியாபாரத்தில் கற்றிருக்கிறோம். சாட்சியை மறைப்பது பாவம் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இருந்தும் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் இரண்டையும் மறந்தோம். வாடிக்கையாளர் முன்னே அவனுக்கு இல்லாத குற்றத்தைச் சாட்டினோம். டாக்டர் முன்னே அவனுக்கு உள்ள குறையை மறைத்தோம். இருபது வயதுப் பிள்ளை தன் ஏழு வயதை எப்படி நினைவில் வைத்திருப்பான்? அதற்குச் சாட்சி தாயும் தகப்பனுமே.

அன்றிரவு நமது வீட்டார் தகரப் பெட்டியைத் திறந்து ஆறாண்டு அறிக்கைப் புத்தகங்களை எடுத்து வைத்தார்கள். முதல் வகுப்பில் ஓர் ஆசிரியை, "சீக்கிரம் விளங்கிக்கொள்கிறான், வேலையை முடிப்பதில்லை" என்று எழுதியிருந்தார். நான்காம் வகுப்பில் வேறோர் ஆசிரியர் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தார். ஒரே ஆண்டில் தொலைத்த மூன்று தண்ணீர்ப் புட்டிகள், பள்ளிப் பையைப் பேருந்திலேயே விட்டுவந்த நாள்கள், குர்ஆன் வகுப்பில் ஒரு பக்கம் முடிப்பதற்குள் பத்துத் தடவை எழுந்தது ஆகிய யாவற்றையும் வீட்டார் சொல்லச் சொல்ல, மகன் கையாலேயே ஒரு தாளில் எழுதினோம். இரண்டாம் முறை அந்தத் தாளையும் புத்தகங்களையும் டாக்டரிடம் கொடுத்து, முன்பு சொன்னது உண்மையன்று என்றும் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "இப்படிப் பல தகப்பன்மார்கள் வருகிறார்கள்" என்றார். நோய் இன்னதென்று அதன்பின்தான் உறுதியாயிற்று.

குடும்பத்தில் இறங்குவது என்று டாக்டர் சொன்னதால், அந்த ஆறு கேள்விகளையும் நாமும் தனியே எடுத்துப் படித்தோம். நமது விடையை இங்கு எழுதவில்லை. ஓதும் பள்ளியில் வாங்கிய பிரம்படிகள் மட்டும் நினைவுக்கு வந்தன.

மருந்தும் பழக்கமும்

மெத்தில்பெனிடேட் கொடுப்பதற்கு முன் இரத்த அழுத்தம், நாடி, குடும்பத்தில் இருதய நோய் உண்டா என்பதைப் பார்க்கிறார்கள். பசி குறைதல், தூக்கம் வராமை, நெஞ்சு படபடப்பு ஆகியவை அதன் பக்க விளைவுகள். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். அடோமொக்ஸிட்டின் என்ற வேறு மருந்தும் உண்டு. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எது தக்கது என்பது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. மெத்தில்பெனிடேட் 1952ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பரீட்சை இரவில் நண்பனுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதும், சீட்டில்லாமல் வாங்குவதும் ஆபத்து, சட்டப்படி குற்றமுமாம். இதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மருந்து கண்ணாடியைப் போன்றது. கண்ணாடி எழுத்தைத் தெளிவாகக் காட்டும். படிக்க வேண்டியவன் பிள்ளைதான். ஆகவே பழக்கமும் வேண்டும். இங்கே வியாபாரியின் அனுபவம் உதவும். கடன் கணக்கை நாம் மனத்தில் வைப்பதில்லை, ஏட்டில் வைக்கிறோம். அவ்விதமே மகனுக்கும் ஒரு குறிப்பேடு. எல்லாத் தவணை நாள்களும் அதில். பெரிய கட்டுரையை ஐந்து சிறு வேலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. படிக்கும்போது தொலைபேசி வேறு அறையில். தூக்கத்துக்கு ஒரே நேரம். இரவு நாம் கடைக் கணக்கு முடிக்கும்போது அவனும் எதிரில் அமர்ந்து தன் குறிப்பேட்டைப் பார்ப்பான். ஏசுவதில்லை என்பது ஒப்பந்தம்.

நோன்பும் பிரயாணமும்

ரமளான் மாதத்தில் பிள்ளைகள் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இது சரியன்று. ஏறத்தாழ 12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. ஸஹர் நேரத்தில் எடுத்துக்கொள்ள வழியிருக்கலாம். பசியும் தூக்கமும் மாறுகிற மாதம் என்பதால் ஷஃபானிலேயே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். நோன்பு உடலுக்கு ஊறு என்று டாக்டர் சொன்னால், மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். உம்ராவுக்கோ ஊருக்கோ போகும்போது டாக்டரின் கடிதமும் மருந்தின் அசல் பெட்டியும் கூட இருக்கட்டும். சவூதி உட்படப் பல நாடுகளில் இத்தகைய மருந்துக்கு முன்னனுமதி வேண்டும்.

கண்ணேறு என்று தண்ணீர் ஓதிக் குடிக்கச் செய்யும் பெரியவர்கள் நம் வீட்டிலும் உண்டு. துஆவைக் கைவிடச் சொல்லவில்லை. துஆவைக் காரணம் காட்டி டாக்டரைக் கைவிட வேண்டாம் என்றே சொல்கிறோம்.

கல்லூரியில் கேட்டுப் பெறுவது

டாக்டரின் கடிதத்தோடு கல்லூரி மாணவர் நலப் பிரிவை அணுகினால், பரீட்சையில் கூடுதல் நேரம், அமைதியான தனி அறை, முன்வரிசை இருக்கை ஆகியவற்றைக் கேட்கலாம். எல்லாக் கல்லூரிகளும் ஒரேவிதமாக நடப்பதில்லை. ஆகவே பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்பது நல்லது. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தையொட்டிச் சமூக நல இலாகா தரும் ஓ.கே.யு. அட்டைக்கு, கற்றல் குறைபாடு என்ற பிரிவில் இந்நோயுள்ளவர்களும் டாக்டரின் உறுதிமொழியோடு விண்ணப்பிக்கலாம். பதிவது கட்டாயமன்று, குடும்பம் கூடி யோசித்துச் செய்ய வேண்டியது.

முடிவாக

நமது மகன் ஒரு பருவத்தைத் திரும்பப் படித்தான். நான்கு பாடங்களில் மூன்றில் தேறினான். நான்காவதை மறுபடியும் எழுதுகிறான். வீட்டுச் சாவியை இன்னமும் மறக்கிறான். ஆனால் தன்னை உதவாக்கரை என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டான், நாமும் விட்டுவிட்டோம். மூத்த மகளின் நிக்காஹும் நல்லவிதமாக நடந்தது. நாம் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை.

சகோதரர்கள் இன்றே செய்யக்கூடியவை மூன்று:

1. பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளி அறிக்கைப் புத்தகங்களைப் பழைய தாள்காரருக்குப் போட்டுவிடாமல், கடைப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

2. கல்லூரிப் பிள்ளை தொடர்ந்து தவறினால், ஏசுவதற்கு முன் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

3. டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். நல்லதையும் சொல்லுங்கள், குறையையும் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த மனத்தையும், நமக்கு அவர்களை அறிந்துகொள்ளும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.